ஒன்றரை நிமிடத்தில் ஓர் ஆய்வு

மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பும் இளம் ஆய்வாளர்களிடம் இப்போது கூடுதலாக ஒன்றும் கேட்கப்படுகிறது: கட்டுரையை அறிமுகப்படுத்தும் குறுங்காணொலி. மனிதரும் கணினியும் உறவாடும் முறையை ஆராயும் 'சி.எச்.ஐ.' என்னும் பன்னாட்டு மாநாட்டில் அதற்கு 30 விநாடிகள்தாம். கரோனா காலத்தில் அரங்குகள் மூடப்பட்டபோது பிற துறைகளிலும் பதிவுசெய்த காணொலிகள் பெருகின. தகவல் பெருகப் பெருகக் கவனம் அரிதாகிறது என்று ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே சுட்டிக்காட்டினார். பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். பல அரங்குகளில் ஒரே வேளையில் கட்டுரைகள் வாசிக்கப்படும்போது, எங்கே சென்று அமர்வது என்று முடிவெடுக்க உதவுவதே இக்காணொலியின் பணி.

நம் மாணவர்களின் காணொலிகள் பலவும் இதை மறந்துவிடுகின்றன. கல்லூரிச் சின்னம், தாளாளர், முதல்வர், நெறியாளர் என்று திருமண அழைப்பிதழைப் போலப் பெயர்கள் வரிசையாக வந்து முடிவதற்குள் பாதி நேரம் தீர்ந்துவிடுகிறது. மீதி நேரத்தில் முடிவுகள் மிகைப்படுத்தப்படுகின்றன. முன்னதைவிடப் பின்னதே ஆபத்தானது.

அறிமுகம் ஆய்வை முந்திக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு மாமல்லபுரமே சான்று. 2002 ஏப்ரலில், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டனின் அறிவியல் ஆய்வுப் பயணக் கழகமும் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் கடலடியில் ஆராய்ந்தன. 'மூழ்கிய நகரம்' கிடைத்துவிட்டதாக உலகெங்கும் செய்தி பரவியது. அதன் வயது பல ஆயிரம் ஆண்டுகள் என்றும் பேசப்பட்டது. நிறுவன ஆய்வாளர்களின் கட்டுரை 2004-இல்தான் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது. சுவர்ப் பகுதிகள், செதுக்கிய கற்கள், படிகள் ஆகியவற்றை விவரித்த அக்கட்டுரை, அவை கோயில் தொகுதியொன்றின் எச்சங்களாக இருக்கலாம் என்றே நிதானமாகக் கூறியது. அதற்குள் 'நகரம்' மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

அந்தக் கட்டுரைக்கே ஒன்றரை நிமிடக் காணொலி எடுப்பதாகக் கொள்வோம். தமிழில் நிதானமாகப் பேசினால் நூற்றைம்பது சொற்களுக்குள் முடிக்க வேண்டும். ஆகவே முதலில் பேனா, பிறகே கேமரா. 'கடற்கரைக் கோயிலுக்குக் கிழக்கே கடலுக்கடியில் மனிதர் கட்டியது ஏதேனும் உள்ளதா?' என்ற கேள்வி முதல் பத்து விநாடிக்குள் வந்துவிட வேண்டும். 'ஏழு கோயில்கள்' என்ற மரபுவழிக் கதைக்கு ஒரே வாக்கியம் போதும். அடுத்து, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் கலங்கிய நீரில் மூழ்கிப் பார்த்த முறை. இங்கே அந்தக் கலங்கலையே காட்டுவதுதான் நேர்மை. வேறு எங்கோ எடுத்த தெளிந்த நீலக் கடலை இடையில் ஒட்டினால், ஆய்வின் உண்மையான இடர்ப்பாடு பார்ப்பவருக்குப் புரியாது. வரைகலையில் கோபுரங்களை எழுப்புவதும் அவ்வாறே. பின்னர் கண்டவை, அதன்பின் அவற்றிலிருந்து ஊகித்தவை; இரண்டும் தனித்தனியே நிற்க வேண்டும். 'காலத்தை உறுதிசெய்ய மேலும் ஆய்வு தேவை' என்பதற்கு ஐந்து விநாடி ஒதுக்கினால் சுவை குறைந்துவிடும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். துறையறிந்த பார்வையாளர் கேள்வியோடு அரங்குக்கு வருவது பெரும்பாலும் அந்த ஐந்து விநாடியால்தான்.

இதற்குப் படப்பிடிப்பு நிலையம் தேவையில்லை. கைப்பேசியும் அமைதியான அறையும் போதும். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவில்லையெனில் விலகிவிடுவார்கள். எனவே செலவு செய்ய இயன்றால் சட்டையில் பொருத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்றை வாங்கலாம். திரையடியில் எழுத்துவடிவ உரை இருக்கட்டும். கல்லூரியின் பெயரும் ஆய்வாளர்களின் பெயர்களும் கட்டுரைத் தலைப்புடன் கடைசிச் சட்டகத்தில் வந்தால் போதுமானது.