மார்க்கெட்டிங் படித்தவர் சேல்ஸ் வேலைக்குப் போகலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

விக்கிரமசிங்கபுரத்தில் வேலை என்றதும் பல வீடுகளில் இன்றும் நினைவுக்கு வருவது மில் வேலைதான். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்விசையைக் கொண்டு தொடங்கிய நூற்பாலை, ஷிப்டு, பி.எஃப்., போனஸ் என்ற ஒழுங்கைத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிவிட்டது. அதனால், பி.பி.ஏ. அல்லது எம்.பி.ஏ.வில் மார்க்கெட்டிங் முடித்த பிள்ளைக்கு முதல் வாய்ப்பு சேல்ஸில் வந்தால், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒருசேரத் தயக்கம் வருகிறது. அவர்கள் அதிகம் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

கடை கடையாக ஏறி இறங்கவா இவ்வளவு படிக்க வைத்தோம்?

மார்க்கெட்டிங் படிப்புக்கு சேல்ஸ் குறைவான வேலை இல்லை. யாருக்கு என்ன தேவை, எந்த அளவில், என்ன விலையில் என்று தீர்மானிப்பது மார்க்கெட்டிங். அந்தத் தீர்மானம் சரியா, தப்பா என்று முதலில் தெரிவது கடை வாசலில். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த எச்.வசந்தகுமார், வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்த பிறகே 1978இல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார். கடலூரில் 1983இல் 15,000 ரூபாயுடன் தொழிலில் இறங்கிய சி.கே.ரங்கநாதன், சிக் ஷாம்புவைக் கிராமங்களுக்கே கொண்டுபோனார். அவருடைய ஆட்கள் ஊர்மக்கள் முன்னால் ஒரு சிறுவனுக்குத் தலையைக் கழுவிவிட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் காலி சாஷேக்களைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார்கள். பிறகு, சிக்கின் காலி சாஷேக்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். ஆட்களோடு நேரில் பழகியதால் பிறந்த உத்தி இது.

லைனுக்கு, அதாவது கடை கடையாக ஆர்டர் எடுக்கப் போவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

சிவந்திபுரத்தில் ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் ஆர்டர் நோட்டை நீட்டக் கூடாது. முதலில், போன வாரம் போட்ட சரக்கு எவ்வளவு நிற்கிறது என்று அலமாரியைப் பார்க்க வேண்டும். தேதி நெருங்கியதை முன்னால் எடுத்து வைக்க வேண்டும். பழைய பில் பாக்கியை வாங்கிய பிறகுதான் புது ஆர்டர். "அண்ணாச்சி, இந்த வாரம் ஸ்கீம் இருக்கு, ரெண்டு பெட்டி போடட்டுமா?" என்றால், "முதல்ல டேமேஜை எடுத்துட்டுப் போ தம்பி" என்பார் கடைக்காரர். அவருடைய கோபத்துக்கான காரணத்தைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேலைதான்.

சந்தையின் கணக்கும் இங்கேதான் பிடிபடும். பீடி சுற்றும் வீடுகளில் வாரக் கூலி வரும் நாளில்தான் கடன் தீரும். அந்த வீடுகளுக்குப் பெரிய பாக்கெட்டைவிடச் சின்ன சாஷேதான் கை கொடுக்கும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும் முன்பே, வழியில் உள்ள கடைகளில் சரக்கு இறங்கியிருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட இளைஞர் நாளை அலுவலகத்தில் உட்கார்ந்து போடும் திட்டம் கடைக்குப் பொருந்தும்.

பெரிய கம்பெனியின் பெயர் சொல்கிறார்கள். சம்பளம் கொடுப்பது யார்?

அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. கம்பெனிப் பெயரைச் சொல்லிச் சுற்றும் பலர், கம்பெனிச் சரக்கை மொத்தமாக எடுத்து விற்கும் ஊர் ஸ்டாக்கிஸ்டிடமோ ஆள் அனுப்பும் ஏஜென்சியிடமோ சம்பளம் வாங்குகிறார்கள். அது தவறில்லை. ஆனால், அங்கிருந்து கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர் பதவிக்கு இதற்கு முன் யாராவது உயர்ந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நியமனக் கடிதத்தை வாங்கிய பிறகே வேலையில் சேருங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

மாதம் 18,000 ரூபாய் என்கிறார்கள். போதுமா?

பெட்ரோலைக் கழித்துவிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,750 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 35 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 3,500 ரூபாய். பயணப்படி தனியாக உண்டென்றால் 18,000 முழுதாகக் கையில் நிற்கும். இல்லையென்றால் 14,500தான், வண்டிச் செலவும் அதிலிருந்தே. இன்சென்டிவைக் குடும்பச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். டார்கெட் முடிந்த மாதத்தில் மட்டும் வரும் பணம் அது. வசூலாகாத பில்லைச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டிச் சேரச் சொல்கிறார்களே?

சேராதீர்கள். பொருளைவிட ஆள் சேர்ப்பதில்தான் வருமானம் என்று சொன்னால் அது சேல்ஸ் வேலையே இல்லை. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. சேர்க்கைக் கட்டணம் வாங்கவும் அனுமதிப்பதில்லை. பணச்சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. அசல் சான்றிதழ்களைக் கேட்டாலும் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுங்கள்.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். மருந்து கம்பெனி, வங்கி, காப்பீடு, ஷோரூம் எனப் பெண்கள் வேலை பார்க்கும் விற்பனைத் துறைகள் பல உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்தோடு நிற்பதில்லை. வேலை நிமித்தமாகப் போகும் இடங்களுக்கும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டிக்கும் பொருந்தும். புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சேரும்போதே கேட்பது உங்கள் உரிமை.

யாருக்கு இந்த வேலை ஒத்துவராது? எத்தனை நாள் பார்ப்பது?

முன்பின் தெரியாதவரிடம் பேசவே முடியாத அளவுக்குக் கூச்சம் இருந்தால் ஆறு மாதம் முயன்று பாருங்கள். பழகப் பழகப் பலருக்கு அது விலகிவிடும். "வேண்டாம்" என்ற ஒரு சொல் இரவுத் தூக்கத்தையே கெடுக்கிறது என்றால், சந்தை ஆய்வு, விளம்பரம், டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற பக்கம் திரும்பலாம். மற்றவர்கள் ஓரிரு வருடமாவது நிலைத்து நிற்பது நல்லது. ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு மந்தமான மாதம் என எல்லாவற்றையும் பார்த்தால்தான் ஒரு வருடச் சந்தை புரியும். தினமும் எந்தக் கடையில் எது போனது, எது நின்றது, ஏன் என்று எழுதி வையுங்கள். அடுத்த நேர்காணலில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த நோட்டுத்தான்.

சேல்ஸா, வேண்டாமா என்று வீட்டில் வாதிடுவதைவிட, வந்திருக்கும் வேலையை மூன்று கேள்வியால் எடை போடுங்கள்: சம்பளம் கொடுப்பது யார், செலவு போக மிச்சம் எவ்வளவு, இரண்டு வருடத்தில் என்ன கற்றிருப்போம்? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், பிள்ளையைத் தைரியமாக அனுப்பி வையுங்கள்.