பன்னிரண்டு ஜெர்சிகள், ஒரே ஆட்டக்காரர்

“பன்னிரண்டு அணிகளுக்கு ஆடியவர் என்றால், எந்த அணியும் வைத்துக்கொள்ள விரும்பாதவர் என்றுதானே பொருள்?” ஐஸ் ஹாக்கி வீரர் மைக் சிலிஞ்சரைப் பற்றி வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேண்டாதவரைப் பன்னிரண்டு அணிகள் கேட்டு வாங்காது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

கனடாவின் ரெஜைனாவில் 1971இல் பிறந்த சிலிஞ்சரை டெட்ராய்ட் ரெட் விங்ஸ் இளம் வீரர்களை அணிகள் முறைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் 1989 டிராஃப்டில் 11ஆவது ஆளாக எடுத்தது. பிறகு அனாஹைம், வான்கூவர், பிலடெல்பியா, டாம்பா பே, புளோரிடா, ஒட்டாவா, கொலம்பஸ், பீனிக்ஸ், செயின்ட் லூயிஸ், நாஷ்வில், நியூயார்க் ஐலண்டர்ஸ். இந்த அணிகள் ஆடும் வட அமெரிக்க லீகான என்.எச்.எல்.இல் 1,049 ஆட்டங்கள், 240 கோல்கள். ஒரே சீசனில் அவர் அதிகபட்சமாக 32 கோல் அடித்தது 2005-06இல், 34 வயதில். அந்த ஆண்டும் பாதியில் அணி மாறினார்!

இந்த லீகில் ஒப்பந்தத்தில் தனியாகத் தடை எழுதி வாங்காத வீரரை, அவர் சம்மதம் கேட்காமலேயே இன்னொரு அணிக்கு மாற்றிவிடலாம். 2003 ஜூலையில் கொலம்பஸ் சிலிஞ்சரை டாலஸுக்குக் கொடுத்து டாரில் சைடாரை வாங்கியது. அன்றைக்கே டாலஸ் சிலிஞ்சரை பீனிக்ஸுக்குக் கொடுத்து டெப்போ நும்மினனை வாங்கிக்கொண்டது. பன்னிரண்டு அணிகளின் பட்டியலில் டாலஸ் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இத்தனை அணிகள் கேட்டு வாங்க அப்படி என்ன இருந்தது சிலிஞ்சரிடம்? ஃபேஸ்-ஆஃப்.

ஆட்டம் நின்று தொடங்கும் ஒவ்வொரு முறையும் நடப்பது இது. பனித்தளத்தில் ஒன்பது புள்ளிகள் வரைந்திருக்கும். அவற்றில் ஒன்றின் இருபுறமும் இரு அணிகளின் சென்டர்கள், அதாவது நடுவரிசை முன்கள வீரர்கள், குனிந்து நிற்க, நடுவர் பக்கை நடுவில் போடுவார். மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள ரப்பர் வில்லை அது. துள்ளாமல் இருக்க முன்கூட்டியே உறைய வைத்திருப்பார்கள். கீழ்க் கையை மட்டையின் அடிவரை இறக்கிப் பிடித்து, கண்ணை நடுவரின் கைமீது வைத்திருக்க வேண்டும். விரல் பிரியும் கணத்தில் பக்கைப் பின்னால் இழுத்துத் தன் அணிக்காரரிடம் சேர்ப்பார் ஒருவர். இன்னொருவர் எதிராளியின் மட்டையைத் தன் மட்டையால் அமுக்கிவிட்டு ஸ்கேட்டால் உதைத்துத் தள்ளுவார். அவசரப்பட்டு முந்தினால் வட்டத்தைவிட்டு வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். சிலிஞ்சர் காலத்து விதிப்படி வெளியூர் அணிக்காரர்தான் மட்டையை முதலில் ஊன்ற வேண்டும். உள்ளூர்க்காரருக்குக் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அவ்வளவு நுணுக்கமான போட்டி.

ஒரு கோல் முன்னிலை, கடைசி நிமிடம், சொந்த கோலுக்குப் பக்கத்தில் ஃபேஸ்-ஆஃப். அந்த நேரத்தில் பயிற்சியாளர் தேடுவது கோல் அடிக்கும் நட்சத்திரத்தை அல்ல, சிலிஞ்சர் போன்ற ஒருவரை. கோப்பைக் கனவில் இருக்கும் அணிகள் வீரர் மாற்றத்துக்கான மார்ச் மாதக் கெடுவுக்குள் இப்படிப்பட்டவர்களை வாங்கிப் போடும். 1996, 2000, 2001, 2004 என நான்கு மார்ச் மாதங்களில் அவர் கைமாறினார். ஆனாலும் லீகின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை அவருக்கு வாய்க்கவில்லை. டெட்ராய்ட் 1997இலும் டாம்பா பே 2004இலும் அனாஹைம் 2007இலும் வென்றபோது அவர் வேறு அணிகளில் இருந்தார்.

வட அமெரிக்காவில் மார்ச் என்பது பள்ளிக்கூட ஆண்டு நடந்துகொண்டிருக்கும் காலம். வங்கி ஊழியருக்கு இடமாற்ற ஆணை வந்தால் பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை அவகாசம் கேட்டு ஒரு மனுவாவது போடலாம். ஹாக்கி வீரர் அடுத்த ஆட்டத்துக்குள் புது ஊரில் இருந்தாக வேண்டும். வீட்டைக் காலி செய்வதெல்லாம் மனைவி தலையில். சிலிஞ்சரின் மகன் கோல் 2003 மே மாதம் கொலம்பஸில் பிறந்தான். இரண்டே மாதத்தில் தகப்பனை மாற்றிக் கொடுத்த அதே கொலம்பஸ், 2021 டிராஃப்டில் மகனை 12ஆவது ஆளாக எடுத்தது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கு என்ன குறை என்று கேட்பது எளிது. பணம் தருவதாலேயே மனிதர்களைச் சரக்குபோல் அனுப்பும் உரிமை வந்துவிடுமா? சிறு பிள்ளைகள் உள்ள வீரர்களுக்காவது, சீசன் நடுவில் மாற்ற அவர்கள் சம்மதம் வேண்டும் என்று விதி செய்யலாம்.

குனிந்து குனிந்து போராடிய உடம்பில் முதலில் தோற்றது இடுப்பு மூட்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2009இல் ஓய்வு பெற்றார். அவரை அடுத்து அழைத்தது, அவர் ஒருநாளும் ஆடாத எட்மன்டன் ஆயிலர்ஸ். இளம் வீரர்களை வளர்த்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள்.