25-ஆவதாக வந்த பெயர்

அமெரிக்க பேஸ்பாலில் இளம் வீரர்களைத் தேடி ஊர் ஊராய் அலைபவருக்கு ஸ்கவுட் என்று பெயர். கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். மட்டையில் பந்து பட்டதும் அழுத்துவார். பையன் 90 அடி ஓடி முதல் பேஸை மிதித்ததும் நிறுத்துவார். ஓட்டம், எறிதல், ஃபீல்டிங், அடி, அடியின் பலம் என ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் உண்டு.

நியூஜெர்சியில் மில்வில் என்ற சிறிய ஊரின் பள்ளி மாணவர் மைக் ட்ரவுட். அது குளிர்ப் பகுதி. ஆட்டப் பருவம் குறுகியது, எதிரணிகளும் கலிஃபோர்னியா அளவுக்கு வலுவானவை அல்ல. அதனால் அவருடைய திறமையை நம்பப் பல அணிகள் தயங்கின. ஏஞ்சல்ஸ் அணியின் ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட் மட்டும் விடாப்பிடியாக நின்றார். பையனின் அப்பாவோடு மைனர் லீகில் சேர்ந்து ஆடியவர் அவர். 2009 வீரர் தேர்வில் ட்ரவுட் 25-ஆவதாக எடுக்கப்பட்டார். அதற்கு முந்தைய 24-ஆவது வாய்ப்பும் ஏஞ்சல்ஸுக்கே இருந்தது. அதில் அவர்கள் எடுத்தது வேறொரு அவுட்ஃபீல்டரை!

பிறகு சீடர் ராப்பிட்ஸ், ராஞ்சோ குக்கமோங்கா, ஆர்கன்சாஸ் என்று மைனர் லீகில் படிப்படியான பயிற்சி. 2011 ஜூலையில், 19 வயதில் மேஜர் லீகில் கால் வைத்தார்; பேட்டிங் சராசரி .220-தான். நடுவில் மைனர் லீகுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அணி பொறுமை காத்தது, அதுதான் பெரிய விஷயம். 2012-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகமாக அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.