சுகர், பிரஷர்: மாத்திரையோடு முடிவதில்லை

சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் வாழ்நாள் முழுக்கக் கூடவே வருபவை. டாக்டரைப் பார்க்கும் பத்து நிமிடத்தைவிட, வீட்டில் இருக்கும் மற்ற நாட்களில்தான் அவை கட்டுப்படுவதும் மீறுவதும். கட்டுப்பாடு எவ்வளவு குறைவு என்பதை 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. அவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது.

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய், வரிசையில் நிற்க வேண்டும். வலி எதுவும் தெரியாததால், 'நல்லாத்தானே இருக்கேன்' என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குள் சிறுநீரகமும் கண்ணும் இதயமும் சத்தமில்லாமல் பழுதாகின்றன.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியை அடைக்க வந்த திட்டம். பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார். அளவு கூடியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார். அங்கே டாக்டர் நோயை உறுதிசெய்து மருந்தை முடிவு செய்கிறார். பிறகு மாதாமாதம் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள்.

இந்தத் திட்டத்தின் பலம் ஒருவர் கண்டது அடுத்தவருக்குப் போய்ச் சேர்வதில் இருக்கிறது. தன்னார்வலர் வரும்போது பழைய அட்டையில் பத்து மாத்திரை மீதி இருந்தால், பத்து வேளை தவறியிருக்கிறது என்று பொருள். அந்தச் செய்தி டாக்டருக்குப் போகாவிட்டால், பிரஷர் குறையவில்லையே என்று அவர் மருந்தின் அளவைக் கூட்டிவிடக்கூடும். அதேபோல, மூட்டுவலிக்கு வேறிடத்தில் வாங்கும் சில வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயர்களில் ஒரே மருந்தை எழுதிக் கொடுப்பதும் உண்டு. இவையும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

• அரசு நிலையமோ தனியார் டாக்டரோ, தொடர்ந்து பார்க்க ஓர் இடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

• எல்லாச் சீட்டுகளையும் அளவுகளையும் ஒரே நோட்டில் சேருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.

• மாத்திரை தவறியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

• சர்க்கரை உள்ளவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி (சராசரி சர்க்கரை அளவு) பரிசோதனையும், ஆண்டுக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனையும் செய்யுங்கள்.

உங்கள் தெருவுக்குத் தன்னார்வலர் வருவதில்லை என்றால், பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இது நம் வரிப்பணத்தில் நடக்கும் சேவை. கேட்டு வாங்குவது நம் உரிமை.