'பிரெஸெண்ட்லி' என்னும் சொல்

ஆங்கில வினையுரிச்சொற்களுள் 'பிரெஸெண்ட்லி' என்பது நம் மாணாக்கர் யாவரும் அறிந்ததே. 'சற்று நேரத்தில்' என்று பொருள் கூறி அவர்கள் அப்பாற் சென்றுவிடுகின்றனர். பழைய நூல்களைப் பயிலுங்கால் அப்பொருள் பொருந்தாமை பற்றியே இச்சிறு கட்டுரை எழுதலாயிற்று.

முன்னிற்பது என்னும் கருத்துடைய லத்தீன் பதமொன்று பிரெஞ்சு பாஷையின் வாயிலாக ஆங்கிலத்திற் புகுந்து 'பிரெஸெண்ட்' என வழங்கலாயிற்று. அதனோடு 'லி' என்னும் விகுதி சேர, இவ்வினையுரிச்சொல் பிறந்தது. ஆகவே, 'இப்பொழுது', 'இக்கணமே' என்பனவே இதன் பழம்பொருள்கள். தாமதமென்னும் வாசனையும் அதனிடத்து இருந்ததில்லை.

1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில வேதாகமத்திலே, மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில், அத்திமரம் பட்டுப்போனதைக் கூறுமிடத்து இச்சொல்லே நிற்கின்றது. இக்காலப் பொருளைக் கொள்வோமாயின் மரம் ஆற அமர வாடிற்றென்றாகும். சீஷர் அதிசயித்ததற்குக் காரணமே இல்லாது போம். 26-ஆம் அதிகாரத்தில் தேவதூதரின் சேனைகளைப் பற்றிய வாக்கியத்திலும் இஃதே வருகின்றது. இதன் உறவாகிய 'பை அண்ட் பை' என்னும் தொடரோ இன்னும் விபரீதம் விளைப்பது. மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் ஏரோதியாளின் குமாரத்தி யோவானுடைய தலையை அத்தொடராலேயே கேட்கின்றாள். மெல்லக் கொடுத்தாற் போதும் என்பதோ அவள் கருத்து? அரசன் மனம் மாறுமுன் அப்பொழுதே வேண்டுமென்பதன்றோ! 1881-இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டோர் இம்மூன்றிடத்தும் பழஞ்சொல்லை நீக்கி, விரைவு குறிக்கும் வேறு சொற்களைப் பெய்தனர். தமிழ் வேதாகமம் படிப்போர்க்கு இம்மயக்கமில்லை. அத்திமரம் அங்கே 'உடனே' பட்டுப்போகின்றது.

இம்மாறுதல் எங்ஙனம் நேர்ந்தது? 'சூன்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்றே பொருள்பட்டது. 'அனான்' என்பதும் அவ்வாறே. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகம் முதற்பாகத்திலே, மதுக்கடைப் பணியாள் ஒருவன் கூப்பிடுந்தோறும் 'அனான்' என்று விடை கூறுவானேயன்றி வந்து சேரான். வாக்களிப்பவன் விரைவைச் சொல்லித் தாமதத்தைச் செய்ய, கேட்பவர் செயலைக் கொண்டே சொல்லுக்குப் பொருள் வகுத்துக்கொள்ளுகின்றனர் போலும். நம் வீட்டு 'இதோ வருகிறேன்' எத்தனை நாழிகை கொள்ளுமென்பதை அறியாதார் யார்?

'இப்பொழுது' என்னும் பழம்பொருள் ஸ்காத்லாந்திலும் அமெரிக்காவிலும் அழியாது நிலைத்தது. இங்கிலாந்திலும் மீண்டும் பரவியுள்ளது. அதனைப் புதுப்பிழையென்று கடியும் இலக்கணிகள் அதன் வயதை மறந்தனர். இக்கால நூல்களில் நிகழ்கால வினையோடு வருமாயின் 'இப்பொழுது' எனவும், எதிர்கால வினையோடு வருமாயின் 'சற்று நேரத்தில்' எனவும் பெரும்பாலும் கொள்ளலாம். 1611-ஆம் ஆண்டையொட்டிய நூல்களில் 'உடனே' என்னும் பொருளையே முதலில் வைத்துப் பார்க்க.