'கட்டி 4 செ.மீ.னா ஆபரேஷன் வேண்டாமா?' - கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் எம்.ஆர்.ஐ. சொல்லும் கணக்கு

கோட்டூர்புரத்தை ஒட்டிய சர்தார் படேல் சாலையில் இருக்கிறது அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வளாகம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. பெரிய ஸ்கேன் கவரும் பையுமாக இங்கே வந்து இறங்குபவர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள பெண்களும் உண்டு. அவர்களின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் டாக்டர்கள் முதலில் தேடும் விஷயங்களில் ஒன்று, ஓர் எண். கட்டி எத்தனை சென்டிமீட்டர்?

ஆபரேஷனா, ரேடியேஷனா, இனி குழந்தை பெற முடியுமா என்ற கேள்விகளுக்கான பதில் பெரும்பாலும் அந்த எண்ணை ஒட்டியே அமைகிறது. குளோபோகான் மதிப்பீட்டின்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

கையால் பார்த்தால் தெரியாதா?

தெரியும், ஆனால் ஓரளவுக்குத்தான். பல பத்தாண்டுகளாக டாக்டர்கள் விரலால் பரிசோதித்துதான் கட்டியின் அளவைச் சொன்னார்கள். வெளிப்பக்கமாக வளரும் கட்டிக்கு அது போதும். சில கட்டிகள் கர்ப்பப்பை வாயின் உள் குழாயில் மேல்நோக்கி வளரும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், உள்ளே பீப்பாய் மாதிரி பருத்திருக்கும். விரலுக்கு எட்டாத அந்தப் பகுதியை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

சிடி ஸ்கேன் போதாதா என்று கேட்கலாம். சிடியில் கட்டியும் சுற்றியுள்ள சதையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். எம்.ஆர்.ஐ.யின் 'டி2' வகைப் படத்தில் கர்ப்பப்பை வாயின் ஆரோக்கியமான தசைப்பகுதி கறுப்பாகவும், கட்டி அதைவிட வெளுப்பாகவும் விழும். எல்லை தெரிந்தால்தானே அளக்க முடியும்? இதில் எக்ஸ்-ரே கதிர்வீச்சும் கிடையாது.

ரிப்போர்ட்டில் பெரும்பாலும் மூன்று எண்கள் இருக்கும். நீளம், அகலம், உயரம். உதாரணமாக 3.1 x 2.8 x 4.3 செ.மீ. என்று போட்டிருந்தால், ஸ்டேஜ் கணக்குக்கு எடுத்துக்கொள்வது இருப்பதிலேயே பெரிய எண்ணை. அதாவது 4.3.

2, 4 - இந்த ரெண்டு கோடுகள் ஏன்?

'ஃபிகோ' எனப்படும் சர்வதேச மகளிர் நல மருத்துவர் கூட்டமைப்புதான் இந்த நோய்க்கு ஸ்டேஜ் வகுக்கிறது. 2018-ல் அது விதிகளை மாற்றியது. அதுவரை ஸ்டேஜ் என்பது முதன்மையாக நேரடிப் பரிசோதனையின் முடிவு. எம்.ஆர்.ஐ. அளவைக் கொண்டு ஸ்டேஜை மாற்ற முடியாது. 2018 முதல் ஸ்கேன் அளவும் கணக்கில் சேர்ந்தது. கர்ப்பப்பை வாயைத் தாண்டாத, கண்ணுக்குத் தெரியும் கட்டிகள் மூன்றாகப் பிரிந்தன: 2 செ.மீ.க்குக் கீழ் 1பி1, 2 முதல் 4-க்குள் 1பி2, 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் 1பி3.

இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் விட்டம் இரட்டிப்பானால் பருமன் எட்டு மடங்காகும். கோலிக்குண்டுக்கும் எலுமிச்சைக்கும் உள்ள வித்தியாசம் அது.

2 செ.மீ.க்குக் கீழே இருந்து, அந்தப் பெண் குழந்தை பெற விரும்பினால், கர்ப்பப்பையை விட்டுவிட்டு அதன் வாய்ப்பகுதியை மட்டும் அகற்ற முடியுமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். கட்டியின் மேல் விளிம்பு கர்ப்பப்பைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் எம்.ஆர்.ஐ.யில்தான் பார்ப்பார்கள். 2 முதல் 4-க்குள் என்றால் பொதுவாக கர்ப்பப்பையையே அகற்றும் பெரிய ஆபரேஷன், அல்லது ரேடியேஷன்.

4 செ.மீ.யைத் தாண்டினால்தான் வீட்டில் குழப்பம் ஆரம்பிக்கும். "பெருசா இருந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமே, ஏன் ரேடியேஷன்னு சொல்றாங்க?" என்பார்கள். காரணம் இருக்கிறது. இந்த அளவில் ஆபரேஷன் செய்தாலும், பிறகு ரேடியேஷனும் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அப்போது இரண்டின் பக்கவிளைவுகளும் ஒரே உடம்பில் சேரும். அதனால்தான் ரேடியேஷனோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து என்ற வழியை முதலிலேயே பரிந்துரைக்கிறார்கள். 'ஆபரேஷன் இல்லை' என்பதற்கு 'கைவிட்டுட்டாங்க' என்று அர்த்தம் இல்லை.

அளவு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது. 3 செ.மீ. கட்டியே பக்கத்துத் திசுக்களுக்குப் பரவியிருந்தால் அது 2பி. நெறிக்கட்டிகளுக்குப் போயிருந்தால் 3சி. இரண்டிலும் வழக்கமான வழி ரேடியேஷன்தான்.

நடுவுல இன்னொரு எம்.ஆர்.ஐ. எதுக்கு?

வெளியிலிருந்து தரும் ரேடியேஷன் சுமார் ஐந்து வாரம் நடக்கும். அதற்குள் கட்டி கணிசமாகச் சுருங்கும். பிறகு வருவது 'பிராக்கிதெரபி', அதாவது கருவியை உள்ளே வைத்து கட்டிக்கு மிக அருகிலிருந்து தரும் கதிர்வீச்சு. முன்பெல்லாம் எக்ஸ்-ரே படத்தில் 'பாயின்ட் ஏ' என்ற நிலையான ஒரு புள்ளியைக் குறித்து டோஸ் கணக்கிட்டார்கள். கட்டி சிறியதோ பெரியதோ, எல்லாப் பெண்களுக்கும் அதே புள்ளிதான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் மிச்சமிருக்கும் கட்டியின் வடிவத்தையே வரைந்து, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் ஒதுக்கி டோஸ் தர முடிகிறது. இந்த முறையில் 1,300-க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை தந்து கண்காணித்த 'எம்ப்ரேஸ்' ஆய்வின் முடிவுகள் 2021-ல் வெளியாயின. ஐந்து ஆண்டுகளில் 92 சதவீதம் பேருக்கு இடுப்புப் பகுதியில் கட்டி இருந்த இடம் கட்டுப்பாட்டில் இருந்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும் எம்.ஆர்.ஐ. எடுக்க எல்லா மருத்துவமனைகளாலும் முடிவதில்லை. பல இடங்களில் சிடி ஸ்கேனையும் கைப் பரிசோதனைக் குறிப்பையும் சேர்த்துத் திட்டமிடுகிறார்கள். அதுவும் ஏற்கப்பட்ட முறைதான். ஃபிகோ ஸ்கேனை அனுமதித்ததே தவிர கட்டாயமாக்கவில்லை. இந்த நோய் அதிகம் இருப்பது ஸ்கேன் வசதி குறைவான நாடுகளில்தான் என்பது அதற்கு ஒரு காரணம்.

எம்.ஆர்.ஐ.யால் எது முடியாது?

மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரியும் ஆரம்பநிலைப் புற்றை எம்.ஆர்.ஐ. தவறவிடலாம். புற்றுநோயா இல்லையா என்பதை பயாப்ஸிதான் உறுதி செய்யும். பயாப்ஸி எடுத்த உடனே ஸ்கேன் எடுத்தால் ரத்தக்கசிவும் வீக்கமும் அளவைக் குழப்பலாம். 1.9-க்கும் 2.1-க்கும் இடையிலான வித்தியாசம் அளப்பவரைப் பொறுத்தும் மாறும். எல்லைக்கோட்டில் இருக்கும் கட்டிகளுக்கு ரேடியாலஜிஸ்ட், சர்ஜன், ரேடியேஷன் டாக்டர் மூவரும் சேர்ந்து படத்தைப் பார்ப்பது நல்லது. முன்கூட்டியே கண்டுபிடிக்கும் டெஸ்ட்டும் இது இல்லை. அதற்கு பாப் ஸ்மியர், எச்.பி.வி. டெஸ்ட்டுகள் இருக்கின்றன.

அம்மாவையோ அக்காவையோ அழைச்சுட்டுப் போறீங்களா?

* தாலி, மெட்டி, மூக்குத்தி, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். கழற்ற மனமில்லாதவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.
* பேஸ்மேக்கர், உடலுக்குள் உலோகத் தகடு, காப்பர்-டி இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.
* அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். சத்தம் அதிகமாக இருக்கும், வலிக்காது.
* அரசு மருத்துவமனையிலோ முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலோ எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.
* டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள்: பெரிய அளவு எவ்வளவு? பக்கத்துத் திசுக்களுக்குப் போயிருக்கா? நெறிக்கட்டி இருக்கா?
* அடுத்த டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. படங்கள் இருக்கும் சிடியையும் கையோடு எடுத்துப் போங்கள். அது இல்லாவிட்டால் இன்னொரு முறை ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அதில் போவது பணம் மட்டுமல்ல, சிகிச்சை தொடங்க வேண்டிய நாட்களும்தான்.