சம்பளமே தராத வேலையை விட்டவர் எதைக் கேட்கலாம்?

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு மாலை வந்து உட்கார்ந்தான். டிகிரி முடித்தவன். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை வீடு வீடாக விற்கும் வேலைக்கு நாலு மாதம் திருப்பதிக்குப் போய் வந்தான். மாதச் சம்பளம் கிடையாது, விற்றால் கமிஷன். இரண்டு மெஷின் விற்றான். ஒன்றை வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டார், இன்னொன்றுக்கு "அடுத்த மாதம் போடுகிறோம்" என்றார்கள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. வேலையை விட்டுவிட்டான். "மாமா, நிருத்யோக பிருதிக்கு எங்கே எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்டான். வேலையில்லாதவருக்கு அரசு தரும் படியைத்தான் சொன்னான்.

அவன் கேட்டதில் தவறில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வேலை இழந்தவருக்கு அரசு வாராவாரம் பணம் தரும் என்று படிக்கிறோம். நம் நாட்டில் எல்லோருக்கும் பொதுவாக அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. இங்கே இருப்பவை துண்டு துண்டான திட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவை, ‘நீ ஊழியனாக இருந்தாய்’ என்பதற்கு ஒரு பதிவு இருந்தால்தான் திறக்கும். ஆகவே கமிஷன் வேலையை விட்டவர் முதலில் கேட்க வேண்டியது படியை அல்ல, வேலை பார்த்த நாட்களுக்கான கூலியை. கூலி கேட்கும்போதுதான் நீங்கள் ஊழியர் என்பது எழுத்தில் வரும்.

படிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆந்திரத்தில் 2018 அக்டோபர் 2 அன்று ‘முக்யமந்திரி யுவ நேஸ்தம்’ தொடங்கியது. 22 முதல் 35 வயதுவரை உள்ள, வேலையில்லாத பட்டதாரிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆரம்பித்து, பிறகு 2,000 ஆக்கினார்கள். 2019இல் ஆட்சி மாறியதும் அது நின்றது. 2024 தேர்தலில் ‘சூப்பர் சிக்ஸ்’ வாக்குறுதிகளில் மாதம் 3,000 ரூபாய் என்று சொன்னார்கள். உங்கள் பெயர் அதில் சேருமா என்பதை வார்டு செயலகத்தில் கேளுங்கள். ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று வரும் தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எல்லைக்கு அப்பால் திருத்தணியில் உறவு இருப்பவர்கள் இன்னொன்றைச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால் உதவித்தொகை உண்டு: பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 400, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300. மூன்று வருடம் தருவார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. திருத்தணி 1960வரை நம் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று அதே மொழி பேசி, அதே பஸ்ஸில் போகிற சித்தூர்ப் பையனுக்கு அந்த 600 ரூபாய் கிடையாது.

உண்மையில் ‘வேலையிழப்பு உதவி’ என்று சொல்லத்தக்கது இ.எஸ்.ஐ. எனும் ஊழியர் காப்பீடு தருவது. ‘அடல் பீமித் வியக்தி கல்யாண்’ என்ற இந்தத் திட்டம் 2018 ஜூலையில் வந்தது. முதலில் தினச் சம்பளத்தில் 25 சதவீதம் தந்தார்கள், கொரோனா காலத்தில் அதை 50 ஆக்கினார்கள். ஆயுளில் மொத்தம் 90 நாளுக்குத்தான் கிடைக்கும். மாதம் 15,000 வாங்கியவருக்கு ஒரு நாள் சராசரி சுமார் 500 ரூபாய். அதில் பாதி 250. தொண்ணூறு நாளுக்குச் சுமார் 22,500 ரூபாய். வேலை போய் 30 நாள் கழித்து, பழைய முதலாளியின் கையெழுத்து இல்லாமலே நீங்களே இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ கிளை அலுவலகத்திலோ கேட்கலாம். இரண்டு வருடமாவது இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது. இது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம், அதனால் போவதற்கு முன் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

நம் பையனுக்கு இ.எஸ்.ஐ. நம்பரே இல்லை, அதனால் இந்தக் கதவு அவனுக்குத் திறக்காது. ஆனால் இதற்கு முன்னால் நீங்கள் ஸ்ரீசிட்டியிலோ ஒரு துணிக்கடையிலோ இ.எஸ்.ஐ. பிடித்த வேலையில் இருந்துவிட்டு, சமீபத்தில்தான் கமிஷன் வேலைக்குத் தாவினீர்கள் என்றால் பழைய நம்பரை எடுத்துப் பாருங்கள். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பி.எப். பணமும் அப்படியே. பழைய யு.ஏ.என். கணக்கில் என்ன இருக்கிறது என்பதை உமங் செயலியில் பார்க்கலாம். வேலை போனவுடன் 75 சதவீதம், மீதி 12 மாதம் கழித்து என்பது 2025 அக்டோபரில் பி.எப். அறங்காவலர் குழு எடுத்த முடிவு.

இனி கூலிக்கு வருவோம். "நீ ஊழியன் இல்லை, ஏஜென்ட்" என்பார்கள். உங்கள் கையெழுத்து வாங்கிய தாளிலும் அப்படித்தான் இருக்கும். தாளில் உள்ள பெயரை மட்டும் வைத்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்ற கடையின் வழக்கு ஆந்திர உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1973இல் தீர்ப்பானது. அந்த டெய்லர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, துணிக்கு இவ்வளவு என்று கூலி. ‘இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை’ என்றார் முதலாளி. மெஷின் கடையுடையது, தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரருக்கு உண்டு, ஆகவே அவர்கள் ஊழியர்கள்தான் என்றது நீதிமன்றம். எப்படிக் கூலி தருகிறார்கள் என்பதைவிட, யாருடைய சொல்படி வேலை நடக்கிறது என்பதைத்தான் பார்த்தார்கள்.

பையனின் போனை வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை 9.15க்கு முன் லீலா மஹால் சர்க்கிளிலிருந்து லொகேஷன் அனுப்பியிருக்கிறான், கழுத்தில் ஐ.டி. கார்டு தெரிகிற செல்பியோடு. ஒரு நாள் 9.40 ஆகியிருக்கிறது. அதற்குக் கீழே டீம் லீடர், "அரை நாள் லீவாகக் கணக்கு" என்று எழுதியிருக்கிறார். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்த விலை என்பதெல்லாம் மேலிருந்தே வந்திருக்கிறது. சுதந்திரமான ஏஜென்டுக்கு யாராவது அரை நாள் லீவு போடுவார்களா? நாலு மாதத்தில் அவன் கையில் இருந்த மிகப் பெரிய ஆதாரம் அந்த ஒரு வரிதான். அவனோ கோபத்தில் குரூப்பையே அழிக்க இருந்தான். அழிக்காதீர்கள். முதலில் குரூப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்புங்கள். பெட்ரோல் ரசீது, ஐ.டி. கார்டு, நீங்கள் விற்ற வீட்டின் பில் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. தன் இஷ்டத்துக்குப் போய், எந்த நேரமும் விற்று, நாலு கம்பெனிப் பொருளையும் கையில் வைத்திருப்பவர் உண்மையாகவே ஏஜென்ட்தான். அவர் கேட்கக்கூடியது ஒப்பந்தப்படி வர வேண்டிய கமிஷன். அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுத்தால், வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்க வழி உண்டு.

ஊழியர்தான் என்றால் நிலைமை வேறு. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 நடைமுறையில் இருக்கிறது. அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே யாரும் யாரையும் வேலை வாங்கக் கூடாது. ஆந்திரத்தில் கடைகள், வணிக நிறுவனங்களுக்கு என்று தனி விகிதம் இருக்கிறது. அதன் பஞ்சப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறும். விற்றாலும் விற்காவிட்டாலும், நாள் முழுக்க அவர்கள் சொன்னபடி நடந்த கால்களுக்கு அந்தக் கூலி உண்டு. ராஜினாமா செய்தவருக்கும் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. நாமாகத்தானே விட்டோம் என்று தயங்க வேண்டாம். தராவிட்டால் 45ஆம் பிரிவில் மனு. முன்பு குறைந்தபட்சக் கூலிக்கு ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்று இருந்தது, இப்போது மூன்று வருடம்வரை அவகாசம். பாக்கியோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடும் போட முடியும். கூலி கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி, நீங்கள் அல்ல.

குறைந்தபட்சக் கூலிகூடத் தராமல் வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டெல்லியில் ஸ்டேடியம் கட்டிய கைகளுக்குச் சொன்னது அது. அலிபிரி ரோட்டு வெயிலில் கதவு தட்டிய கைக்கும் பொருந்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கம்பெனிக்கு ஒரு மெயில்: எந்தத் தேதியில் சேர்ந்தேன், எந்தத் தேதியில் விட்டேன், சம்பளமும் கமிஷனும் தராததால் விடுகிறேன், பாக்கி இவ்வளவு. ‘சொந்தக் காரணத்தால்’ என்று எழுதாதீர்கள். ‘பாக்கி ஏதும் இல்லை’ என்று நீட்டும் தாளில், பணம் கணக்கில் விழாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சேரும்போது டெபாசிட் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் மெயில் நகலோடு தொழிலாளர் துறை அலுவலகம். வேலை திருப்பதியில் நடந்தது என்றால் திருப்பதி அலுவலகம், ஏனென்றால் 2022 ஏப்ரல் முதல் அது தனி மாவட்டம். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100க்கு போன் செய்யுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலே இலவச வக்கீல் உண்டு.

பையன் அன்றைக்கே என் மேஜையில் உட்கார்ந்து மெயிலை அடித்தான். நாட்களை எண்ணினான். ஞாயிறு போக நூற்று இரண்டு. தலையை நிமிர்த்தி, "இவ்வளவு நாளா மாமா?" என்றான்.